மருந்தும் நஷ்டஈடும்

சிவகாசியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வைத்தியசாலையில் நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து. பட்டாசுக் குழாய்க்குள் செலுத்துவதும் மருந்து. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த அந்தக் கலவையை அங்கே யாரும் வேறு பெயரிட்டு அழைப்பதில்லை. 'வீட்டுக்காரர் மருந்து கலக்கப் போயிருக்கிறார்' என்று ஒரு பெண்மணி சொன்னால், வெளியூரிலிருந்து வந்தவர் அந்த வீட்டுக்காரரை நாட்டு வைத்தியர் என்று எண்ணிக்கொள்ளவும் கூடும்!

இந்த இரண்டு வகை மருந்தினாலும் சில வேளைகளில் மனிதருக்குத் தீங்கு நேர்கிறது. இரண்டாவது வகையால் நேரும் தீங்குக்கு யார் ஈடு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, நம் நாட்டுச் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கூறிவிட்டது. முதல் வகையால், குறிப்பாக ஊரார் அனைவருக்கும் பொதுநலம் கருதிப் போடப்படும் தடுப்பு மருந்தினால், ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் ஈடு செய்வது? இந்தக் கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை கிடைக்கவில்லை. அது கிடைக்காமற் போன வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று அங்கே கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நம் முன்னோர் வைசூரியை 'அம்மை' என்றே அழைத்தார்கள். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை தொங்கும்; உள்ளே பேச்சும் தாழ்ந்துவிடும். பிழைத்தவர்களுள் பலர் கண்ணிழந்தார்கள். அக்கொடிய நோய் இன்று உலகில் எங்குமே இல்லை. 1977ஆம் ஆண்டில் இந்தியாவும், 1980ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வைசூரியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. அதற்குக் காரணம் அம்மை குத்துதல் என்னும் முறையே. ஆகவே தடுப்பு மருந்தின் பயனைப் பற்றி எனக்கு ஐயம் எதுவும் இல்லை. உங்களுக்கும் இருக்க வேண்டியதில்லை. நான் பேச வந்தது, அந்தப் பெரும் பயனுக்கு ஊடே எங்கோ ஒருவர் அடையும் நஷ்டத்தைப் பற்றி.

எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் 1796ஆம் ஆண்டில் கண்டறிந்த அம்மைப்பால், 1802 ஜூன் மாதத்தில் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே சென்னைக்கும், அங்கிருந்து கப்பல் வழியாகக் கல்கத்தாவுக்கும் சென்றது. அக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டி ஏது? ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் வைப்பார்கள். கைக்குக் கை மாறி அது ஊர் ஊராகச் சென்றது. அவ்வாறு செல்லும்போது, அம்மைப்பாலோடு வேறு நோய்களும் உடன் சென்றதுண்டு. 1861ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் ரிவால்ட்டா என்னும் ஊரில், இம்முறையால் 46 குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. பின்னாளில் கன்றுக்குட்டிகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியபின் இந்த அபாயம் நீங்கியது. சென்னைக் கிண்டியில் 1905ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிங் ஆராய்ச்சி நிலையம் நம் மாகாணம் முழுவதற்கும் அத்தகைய தூய அம்மைப்பாலை அனுப்பி வந்தது.

இதற்கிடையில் 1880ஆம் ஆண்டில் இந்திய அம்மை குத்தும் சட்டம் பிறந்தது. அச்சட்டம் அமலுக்கு வந்த நகரசபைகளிலும் இராணுவக் குடியிருப்புகளிலும், குழந்தைக்கு அம்மை குத்தாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம் என்றாயிற்று. குத்திக்கொள்ள மறுத்தவருக்குத் தண்டனை உண்டு. குத்திக்கொண்டதனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் சர்க்கார் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சட்டம் வழி எதுவும் காட்டவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. 2001ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இனி ஒரு துயரச் செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. ஒடெஸ்ஸா நகரத்தில் பிறந்தவரும், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பயின்றவருமான வால்டமார் ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி அங்கே வந்து, சில மாதங்களில் பிளேக் தடுப்பு மருந்தைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் தேதி அதை முதன்முதலாகத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பரேல் என்னுமிடத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து குப்பி குப்பியாக மருந்து நாடெங்கும் சென்றது. 1902ஆம் ஆண்டில் பஞ்சாப் மாகாணத்தில் பெரிய அளவில் ஊசி போடும் இயக்கம் தொடங்கிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்தது. அது இரணஜன்னி. பத்தொன்பது பேரும் இறந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் மருந்து எடுக்கப்பட்டிருந்தது. அக்குப்பியின் எண் '53என்'. மற்றக் குப்பிகளிலிருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் அதன் தலைவர். உடன் இரண்டு வைத்திய அதிகாரிகள். குப்பி திறப்பதற்கு முன்பே, ஆய்வுக்கூடத்திலேயே, மருந்தில் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று குழு கருதியது. முன்பு மருந்தில் சேர்த்து வந்த கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, வெப்பத்தை மட்டும் நம்பும் முறைக்கு ஹாஃப்கின் மாறியிருந்தார் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. அவர் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டே சென்றார்.

ஆனால் சாட்சியங்களில் மற்றொரு சிறு செய்தியும் இருந்தது. அன்று மல்கோவாலில், குப்பியின் தக்கையை எடுக்க உதவும் இடுக்கி, உதவியாளர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அவர் அதைக் கிருமிநாசினித் திரவத்தில் ஒருமுறை அலசிவிட்டு அதனாலேயே தக்கையைத் திறந்தார். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. குப்பியைத் திறந்தபோது துர்நாற்றம் எதுவும் வீசவில்லை என்றும் சாட்சியம் இருந்தது. வெகுநாளாகக் கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் நாற்றம் தெரிந்திருக்கும். மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி ஹாஃப்கினுக்காகப் போராடினார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஹாஃப்கின்மேல் இருந்த பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் சில ஆண்டுகள் பணி செய்தார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1925ஆம் ஆண்டில், பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஒரு விஞ்ஞானிக்கு நீதி கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. கிடைத்ததே என்று நாம் மகிழலாம். ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். குப்பியின் எண் நமக்குத் தெரிகிறது. இடுக்கி கீழே விழுந்தது தெரிகிறது. நாற்றம் வீசியதா என்றுகூட ஆராய்ந்தார்கள். அந்த ஐந்து ஆண்டு விவாதம் முழுவதும் 'குற்றம் பரேலிலா, மல்கோவாலிலா?' என்னும் ஒரே வினாவைச் சுற்றியது. குற்றம் எங்கே இருந்தாலும் இறந்தவர் பத்தொன்பது பேர்தாமே! அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது அந்த விவாதத்தின் பொருளாகவே இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்தால்தான் நஷ்டமடைந்தவரை நினைப்பது என்னும் வழக்கத்தின் விளைவு இது.

அந்த விசாரணைக் குழுவில் இருந்த வைத்தியர்களுள் ஒருவர் டேவிட் செம்பிள். பிற்பாடு இவர் பெயராலேயே ஒரு மருந்து இந்தியா முழுவதும் வழங்கியது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது செம்பிள் முறையில், ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த வெறிநாய்க்கடி மருந்து. நம் பக்கத்துக்குக் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலிருந்து அது வந்தது. எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. ஆயினும் அதிலிருந்த மூளைத் திசுவின் காரணமாக, போட்டுக்கொண்டவர்களுள் மிகச் சிலருக்குக் கை கால் விழுந்துவிடுவதும் உண்டு. சிலர் இறந்ததும் உண்டு. இது வைத்திய நூல்களில் எழுதப்பட்ட உண்மை. வெறிநோய் வந்தால் மரணம் நிச்சயம் ஆதலால், அந்த அபாயத்தை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2004ஆம் ஆண்டின் முடிவில்தான் இந்தியாவில் அம்மருந்தின் உற்பத்தி நின்றது. இங்கே இடுக்கி ஒன்றும் கீழே விழவில்லை, தயாரித்தவர் தவறவில்லை, ஊசி போட்டவரும் தவறவில்லை. எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தும் ஒருவர் முடமாகிறார் என்றால், யார் மேல் வழக்குத் தொடுப்பது?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 'காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்று ஒரு பழமொழி உண்டல்லவா? இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே மாதத்தில் ஊசி போட்டால், அந்த மாதத்தில் இயல்பாகவே நோயுறும் குழந்தைகளும் அவர்களிடையே இருக்கத்தான் செய்வார்கள். ஊசிக்குப் பின் வந்தது என்பதால் ஊசியால் வந்தது என்று ஆகிவிடாது. பழம் தானே விழுந்ததா, காகம் தள்ளிவிட்டதா என்று அறிய வேண்டுமானால் ஓலைக்கு ஓலை பார்த்த சாட்சி வேண்டும். ஏழைப் பெற்றோர் அத்தகைய சாட்சியை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? மருந்தின் இரகசியம் எல்லாம் எதிர்த்தரப்பார் கையில் அல்லவா இருக்கிறது?

இங்கேதான் சிவகாசியின் மற்றொரு மருந்து நமக்கு வழி காட்டுகிறது.

வானம் பார்த்த பூமியாகிய சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள் என்பதை இந்த ஜில்லாவின் மாணவர்கள் நன்கு அறிவார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அதன் மேலுறைக்கு வேண்டிய அச்சுத் தொழிலும் வளர்ந்தன. அதே 1923ஆம் ஆண்டில்தான் டெல்லியில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயலே. இங்கும் காகமும் பனம்பழமும்தான். ஆனால் அச்சட்டத்தின் கருத்து மிகப் புதுமையானது. வேலையின் காரணமாக, வேலை செய்யும்போது, விபத்தினால் ஒரு தொழிலாளிக்குக் காயம் நேர்ந்தால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும். முதலாளி கவனக் குறைவாக இருந்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. காயம் வேலையால் நேர்ந்ததா என்பது ஒன்றே கேள்வி. இதனைக் 'குற்றம் கருதாப் பொறுப்பு' என்று நாம் சொல்லலாம்.

இதன் நியாயம் எளிது. மருந்து கலக்கும் அறையில் எவ்வளவு எச்சரிக்கையோடு இருந்தாலும், உராய்விலோ வெயிலின் வெப்பத்திலோ எப்போதாவது ஒரு பொறி பறக்கும். தீபாவளியன்று நாடு முழுவதும் மகிழ்வதற்காக அந்தத் தொழில் நடக்கிறது. மகிழ்ச்சி எல்லாருக்கும், காயம் கலந்தவருக்கு மட்டும் என்பது தகுமா? பட்டாசின் விலையிலேயே அந்தக் காயத்தின் விலையும் அடங்கியிருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். சட்டம் இருந்தும் ஈட்டுத் தொகை கையில் வந்து சேர எத்தனை நடை நடக்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் கிராமத்தாரைக் கேட்டால் தெரியும். அது வேறு கதை. ஆயினும் கருத்து நிலைத்தது. டெல்லியில் 1985 டிசம்பரில் ஓர் ஆலையிலிருந்து அமில வாயு கசிந்த வழக்கில், அபாயமான தொழில் நடத்துகிறவர் அதனால் விளையும் தீங்குக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் வீதம் வழங்க உத்தரவிட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறது.

பட்டாசு மருந்துக்குப் பொருந்திய இந்த நியாயம் தடுப்பு மருந்துக்குப் பொருந்தாதா? பிற நாடுகள் பொருந்தும் என்றே முடிவு செய்தன. ஆனால் உடனே செய்துவிடவில்லை.

ஜெர்மனியில் 1874ஆம் ஆண்டு முதல் அம்மை குத்திக்கொள்வது கட்டாயம். அங்கே 1794ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டத் தொகுப்பில் ஒரு பழைய கொள்கை இருந்தது: பொதுநலத்துக்காகத் தன் உரிமையைத் தியாகம் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவனுக்கு அரசு ஈடு செய்ய வேண்டும். அணைக்காக நிலத்தை எடுத்துக்கொண்டால் விலை கொடுக்கிறோம் அல்லவா? அது போலத்தான். 1953ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உயர் நீதிமன்றம் இக்கொள்கையை அம்மை குத்தியதால் முடமான ஒருவருக்குப் பொருத்திக் காட்டியது. நிலத்தை இழந்தவனுக்கு விலை உண்டு, உடலை இழந்தவனுக்கு இல்லை என்பது எப்படி நியாயமாகும்? 1961ஆம் ஆண்டில் அது சட்டமாகவே ஆயிற்று.

அமெரிக்காவில் வேறு வழியாக வந்தார்கள். 1955 ஏப்ரலில் சால்க் கண்டுபிடித்த போலியோத் தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தாய்மார்கள் மகிழ்ச்சியால் அழுதார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் கலிபோர்னியாவிலிருந்த கட்டர் என்னும் நிறுவனத்தின் மருந்தில் சில தொகுதிகளில் கிருமி முற்றும் சாகாமல் உயிரோடிருந்தது. ஏறத்தாழ 200 பேருக்குப் பக்கவாதம். 10 பேர் மரணம். வழக்கு 1958ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. ஜூரிகள் சொன்ன முடிவு விசித்திரமானது. 'நிறுவனம் கவனக் குறைவாக இருக்கவில்லை. அக்காலத்து அறிவுக்கு ஏற்றபடியே நடந்தது. ஆயினும் விற்ற பொருள் விற்ற நோக்கத்துக்கு உதவவில்லை; ஆகவே ஈடு கொடுக்கத்தான் வேண்டும்.' குற்றமில்லை, பொறுப்பு உண்டு!

இதன் விளைவு நல்லதும் கெட்டதுமாக இருந்தது. நஷ்டமடைந்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1980களில் வழக்குகள் பெருகின. மருந்து நிறுவனங்கள் பல, இலாபம் குறைந்த இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகத் தலைப்பட்டன. மருந்தே கிடைக்காமற் போகும் என்ற அச்சம் எழுந்தது. அப்போதுதான், 1986ஆம் ஆண்டில், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தனிச் சட்டம் செய்தது. ஒவ்வொரு தடுப்பு மருந்தின் மேலும் ஒரு சிறு வரி. அது ஒரு நிதியாகச் சேரும். நஷ்டமடைந்தவர் நிறுவனத்தோடு போராட வேண்டாம். அந்த நிதியிலிருந்து கேட்கலாம். காகத்தையும் பனம்பழத்தையும் பற்றிய தகராறுக்கு அவர்கள் ஓர் அட்டவணை செய்தார்கள். இன்ன மருந்து போட்ட இத்தனை நேரத்துக்குள் இன்ன நோய் தோன்றினால், மறுப்புக்குச் சான்று இல்லாத வரையில் மருந்தினால் வந்ததாகவே கொள்வது என்பது விதி. முழு உண்மைக்காக ஏழையைக் காத்திருக்கச் செய்வதைவிட, சிலருக்கு அதிகப்படியாகக் கொடுத்துவிடுவது மேல் என்று கருதினார்கள் போலும். இங்கிலாந்து 1979ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சட்டம் செய்தது. ஆனால் நூற்றுக்கு எண்பது பங்கு ஊனமுற்றவருக்குத்தான் பணம் என்று தொடக்கத்தில் வரம்பு வைத்தது. எழுபத்தைந்து பங்கு ஊனமுற்ற குழந்தையின் தாய் அந்த வரம்பைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதும் இலவசமாக நடந்து வருகிறது. இந்த 'இலவசம்' என்னும் சொல்லில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவரின் தவறுக்கு நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தபோது, எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அந்த வரம்புக்கு வெளியே வைத்தது. ஆகவே அரசு ஊசியால் நஷ்டமடைந்தவருக்கு எளிய, செலவு குறைந்த அந்த வாயில் மூடியிருந்தது. அவர் சிவில் வழக்குப் போட வேண்டும். அல்லது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில், தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. நாடெங்கும் அதிர்ச்சி. அதன்பின் தமிழகத்தில், கிராமத்துக்கே சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். எச்சரிக்கை நல்லதே. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க முடியாத தாய்மார் பலர். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. தீங்குக்கு ஈடு செய்யும் ஏற்பாடு நிச்சயமாக இல்லாத இடத்தில், ஒரு விபத்து ஆயிரம் பேரின் நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது.

விந்தையான செய்தி ஒன்று. புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கும்போது, அந்தச் சோதனையால் தன்னார்வலருக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. சோதனையில் வென்று, கோடிக்கணக்கானவருக்கு அதே மருந்தைப் போடத் தொடங்கியபின் அந்தப் பாதுகாப்பு உடன் வரவில்லை. 2021 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கிய கொரோனாத் தடுப்பூசி இயக்கத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஊசிக்குப் பின் தம் மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு கொடுத்த பதிலில், ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம், ஆகையால் அரசு பொறுப்பாகாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று வாதிட்டது. ஜெர்மானியரின் பழைய கொள்கையை நினைவுகூருங்கள். கட்டாயம் இருந்தால்தானே தியாகம்? விருப்பம் என்றால் தியாகம் இல்லை! ஆனால் ஊசி போடாதவர் பொது இடங்களுக்குள் வரக்கூடாது என்று தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் அதற்கு முந்திய ஆண்டில் கட்டுப்பாடு விதித்திருந்தன. 2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றமே வேறொரு வழக்கில், ஒருவரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், அத்தகைய கட்டுப்பாடுகள் அன்றைய நிலையில் அளவுக்கு மீறியவை என்றும் கூறியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கணவரை இழந்த ஒரு பெண்ணின் மனுவில், இத்தகைய மரணங்களைக் கண்டறிந்து ஈடு வழங்க வழி வகுக்குமாறு உத்தரவிட்டது. பின்னர் அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கூலிக்காகப் பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டிய ஒருவருக்கு 'விருப்பம்' என்னும் சொல்லின் பொருள் என்ன என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆராயலாம்.

இறுதியாக, இந்த ஜில்லாவிலேயே நடந்த ஒரு வழக்கு. அது தடுப்பூசி வழக்கு அன்று. இரத்தம் ஏற்றிய வழக்கு. ஆனால் அரசு இலவசமாகச் செய்த நன்மையிலிருந்து விளைந்த தீங்கு என்பதில் இரண்டும் ஒன்றே. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் ஹெச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞர், பிறகு வேறொரு பரிசோதனையில் தம் நிலையை அறிந்தவுடன், தாமாகவே ஓடிவந்து மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. பரிசோதித்திருக்க வேண்டியவர்கள் சரியாகப் பரிசோதிக்கவில்லை என்பது வெளிவந்தது. இங்கே குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகையால் நீதிமன்றத்தின் பாதையும் தெளிவாக இருந்தது.

அந்தக் கிருமி ஒருவர் உடலில் புகுந்த முதல் சில நாட்களில், எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் பரிசோதனையில் சிக்காமல் இருக்கக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஒருவேளை சோதித்தவர் ஒழுங்காகவே சோதித்து, கிருமி அவ்வாறு தப்பியிருந்தால்? அந்தப் பெண்ணின் துன்பம் எள்ளளவும் குறைந்திராது. வழக்கு மட்டும் நின்றிருக்குமா என்பது ஐயமே. அவர் ஊருக்கு அருகே பட்டாசு ஆலையில் கை கருகிய ஒரு தொழிலாளிக்கு இந்த ஐயம் எழ வேண்டிய தேவை 1924ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அச்சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்தே இல்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு, குடியிருக்க ஒரு வீடு, அரசு வேலை ஆகியவற்றை வழங்க உத்தரவாயிற்று. தொகையில் ஒரு பகுதியை அவருடைய இரண்டு குழந்தைகளின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். அவர்களுள் இளைய குழந்தை 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிறந்தது. பிறந்த நாள் முதல் மருந்து கொடுத்து, பல வாரங்கள் பொறுத்துப் பரிசோதித்தார்கள். தாயின் உடலிலிருந்த கிருமி அக்குழந்தையைத் தொடவில்லை.